ஹாட் லேபிலிருந்து அயோடின் வார்டு வரை: அணு மருத்துவப் பணியாளர்கள் கதிர் டோஸைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

அணு மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே கேட்பது ஈய ஏப்ரன் எங்கே என்றுதான். எக்ஸ்ரே அறையில் பயிற்சி எடுத்து வந்த பழக்கம் அது. எக்ஸ்ரே கருவியில் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கதிர் நின்றுவிடும். இங்கே அப்படி ஒரு பொத்தான் கிடையாது. கதிரை உமிழும் மருந்து முதலில் ஹாட் லேபில், அதாவது மருந்தைத் தயாரிக்கும் அறையில், குப்பியில் இருக்கிறது, பிறகு சிரிஞ்சில், அதன் பிறகு நோயாளியின் உடம்பில். அவர் எழுந்து நடந்தால் அதுவும் நடக்கிறது. கழிவறைக்குப் போனால் அதுவும் போகிறது. எக்ஸ்ரே அறைப் பழக்கங்களை அப்படியே கொண்டுவந்தால் தேவையில்லாத இடத்தில் கவசமும் தேவையான இடத்தில் வெறுங்கையுமாக நிற்போம்.

வடசென்னையில் ஒரு மருத்துவமனையில் கதிர்ப் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரிகிறேன். டெக்னாலஜிஸ்ட், செவிலியர், நோயாளியைத் தள்ளுநாற்காலியில் அழைத்து வரும் உதவியாளர், தரை துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர் என அனைவருக்கும் ஆண்டுதோறும் வகுப்பு எடுக்கிறேன். அந்த வகுப்பில் சொல்வதையே இங்கே விரித்து எழுதுகிறேன். என் வாதம் ஒன்றுதான்: உங்கள் ஆண்டு டோஸ், அதாவது உடம்பு வாங்கும் கதிரின் அளவு, ஏறுவது ஒரு சில நிமிடங்களில். சிரிஞ்சைப் பிடித்திருக்கும் நிமிடமும், ஊசி போட்ட நோயாளியின் அருகே நிற்கும் நிமிடமும்தான் அவை. அவற்றைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகச் சிறுத்துவிடும்.

படி 1: எதைக் கையாள்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

துறையில் அன்றாடம் புழங்குவது மூன்று நான்கு ஐசோடோப்புகள்தான். டெக்னீஷியம்-99எம் என்பதன் கதிரியக்கம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும்; இதுவே அதன் அரை ஆயுள். அதன் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். எலும்பு ஸ்கேன், இதய ஸ்கேன், சிறுநீரக ஸ்கேன் எல்லாம் பெரும்பாலும் இதில்தான். பெட் (PET) ஸ்கேனுக்கான ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகும். ஆனால் அதன் ஆற்றல் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். காமாவோடு பீட்டாவும் வரும், ஆவியாகிக் காற்றிலும் கலக்கும். லுடீசியம்-177 ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் பாதியாகும்.

இந்த ஆற்றல் வேறுபாட்டில்தான் ஏப்ரனின் கதை முடிகிறது. டெக்னீஷியத்தின் கதிரைப் பாதியாக்க 0.3 மில்லிமீட்டர் ஈயம் போதும். ஆகவே 0.5 மில்லிமீட்டர் ஏப்ரன் ஓரளவு உதவும். ஃப்ளூரின்-18இன் கதிரைப் பாதியாக்க ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். அதே ஏப்ரன் அங்கே பத்தில் ஒரு பங்கைக்கூடத் தடுக்காது. சித்திரை வெயிலில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மெதுவாக வேலை செய்தால், கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரமே ஏப்ரன் தடுத்ததைவிட அதிக டோஸைத் தந்துவிடும். பெட் பகுதியில் ஏப்ரன் அணியாதீர்கள் என்று நான் சொல்லும்போது சிலர் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார்கள். காரணம் இதுதான்.

படி 2: வரம்புகளை மனப்பாடம் செய்யாதீர்கள், அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் இந்தத் துறையை ஒழுங்குபடுத்துவது 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏஇஆர்பி. கதிர்ப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட் (டோஸை அளக்கும் அலகு) என்பது ஐந்தாண்டுச் சராசரி வரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கை, தோலுக்கு ஆண்டுக்கு 500. பொதுமக்களுக்கு 1. கண்ணின் வில்லைக்கு முன்பு 150 என்றிருந்த வரம்பை ஆண்டுச் சராசரி 20ஆகக் குறைக்கும்படி சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் பரிந்துரைத்தது. கண்புரை நாம் நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே வரக்கூடும் என்று தெரிந்ததே காரணம்.

ஒப்பிட ஓர் எண்: மண், காற்று, விண்வெளி, உணவு எல்லாம் சேர்ந்து உலகில் ஒரு மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவெர்ட் கிடைக்கிறது. ஒழுங்காக நடக்கும் அணு மருத்துவத் துறையில் ஒரு டெக்னாலஜிஸ்டின் ஆண்டு டோஸ் இதை ஒட்டியோ, இதைப் போல ஓரிரு மடங்காகவோ இருக்கும்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அந்த ஆணையத்தின் 2007ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வயது வந்த பணியாளர்களுக்கு ஒரு சீவெர்ட்டுக்கு, அதாவது 1000 மில்லி சீவெர்ட்டுக்கு, புற்றுநோய் ஆபத்து சுமார் 4.1 சதவீதம் கூடுகிறது. ஆண்டுக்கு 2 மில்லி சீவெர்ட் வீதம் இருபது ஆண்டு வேலை செய்தால் மொத்தம் 40. கூடும் ஆபத்து 0.2 சதவீதத்துக்கும் கீழே. பயந்து வேலையை விடும் அளவும் அல்ல, அலட்சியமாக இருக்கும் அளவும் அல்ல. இளநீர் குடித்தால் கதிர் இறங்கிவிடும் என்றும், மோர் குடித்தால் போதும் என்றும் சொல்கிறவர்களை நான் தடுப்பதில்லை. வெயிலுக்கு இரண்டும் நல்லவை. டோஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

படி 3: பேட்ஜை ஒழுங்காக அணியுங்கள்

டிஎல்டி பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது. அது ரேஷன் கடைப் பதிவேட்டைப் போன்றது. என்ன வாங்கினீர்கள் என்று எழுதி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே டிஸ்புரோசியம் சிறிது கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று இருக்கின்றன. ஒன்று உலோக வடிகட்டிக்குப் பின்னால், ஒன்று பிளாஸ்டிக்குக்குப் பின்னால், ஒன்று திறந்த நிலையில். ஆய்வகத்தில் சூடாக்கும்போது அவை வெளியிடும் ஒளியை அளந்து டோஸைக் கணிக்கிறார்கள். மூன்று வட்டுகளின் அளவுகளை ஒப்பிட்டுத்தான் வந்தது பீட்டாவா, காமாவா என்று பிரிக்கிறார்கள். ஆகவே உறையில்லாமல் வட்டுகளை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதில் பொருளே இல்லை.

மார்பு மட்டத்தில், முன்பக்கம் வெளியே பார்த்திருக்கும்படி அணிய வேண்டும். ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. வேலை முடிந்ததும் கதிர் இல்லாத இடத்தில், ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு பேட்ஜ் இருக்கும் அதே பலகையில் மாட்ட வேண்டும். நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இரண்டு. ஒன்று, பேட்ஜைக் கோட்டில் குத்தி, அந்தக் கோட்டை ஸ்கேன் அறைக் கதவில் தொங்கவிடுவது. ஆள் தண்டையார்பேட்டையில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், பேட்ஜ் இங்கே இரவு முழுக்க டோஸ் சேர்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, பேட்ஜோடு சட்டையைத் துவைத்துவிடுவது. தொலைந்தாலும் நனைந்தாலும் உடனே சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, அந்தக் காலாண்டில் என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்து டோஸைக் கணிக்க வேண்டும்.

விரலுக்கு வருவோம். நம் துறையில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் பேசப்படுவதும் இல்லை. மார்பு பேட்ஜ் உங்கள் விரலைப் பற்றி எதையும் சொல்லாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 மில்லி கியூரி, அதாவது 370 மெகா பெக்கரல் (இரண்டும் கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள்) ஃப்ளூரின்-18 கவசமில்லாத சிரிஞ்சில் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 53 மைக்ரோ சீவெர்ட். தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் டோஸ் நூறு மடங்காகும். 10 சென்டிமீட்டரில் மணிக்கு 5.3 மில்லி சீவெர்ட். விரல் இருக்கும் ஒரு சென்டிமீட்டரில் மணிக்கு 530. நிமிடத்துக்குச் சுமார் ஒன்பது மில்லி சீவெர்ட்! கைக்கான ஓராண்டு வரம்பை எட்ட ஒரு மணி நேரம்கூட வேண்டாம். ஆண்டு முழுதும் நாளுக்குச் சில நோயாளிகள் வீதம் வெறும் சிரிஞ்சைச் சில வினாடிகள் பிடித்தாலே அந்த ஒரு மணி நேரம் சேர்ந்துவிடும்.

இதை ஐரோப்பாவில் 2008 முதல் 2011 வரை நடந்த ஒராமெட் ஆய்வு விரிவாக அளந்தது. அதிக டோஸ் வாங்குவது பெரும்பாலும் நாம் வழக்கமாக எழுதாத கையின் ஆள்காட்டி விரல் நுனி. வலக்கைக்காரருக்கு இடது கை. ஏனென்றால் சிரிஞ்சையோ குப்பியையோ தாங்கிப் பிடிப்பது அந்தக் கைதான். மோதிர வடிவ டோஸ்மீட்டரை நுனியில் அணிய முடியாது. ஆகவே இடது ஆள்காட்டி விரலின் அடியில், உணரி உள்ளங்கைப் பக்கம் பார்க்கும்படி, கையுறைக்கு உள்ளே அணியுங்கள். அது காட்டும் எண்ணை ஆறால் பெருக்கினால் நுனியின் டோஸ் ஓரளவுக்குத் தெரியும் என்பது அந்த ஆய்வின் பரிந்துரை. மோதிரம் 60 காட்டினால் நிம்மதியாக இருக்காதீர்கள். நுனி 360 வாங்கியிருக்கலாம்.

படி 4: ஹாட் லேபில் கைகளின் வேலையை ஒத்திகை பாருங்கள்

புதிதாக வருகிறவரை நான் முதல் சில நாட்கள் ஐசோடோப்பைத் தொட விடுவதில்லை. உப்புநீர் நிரப்பிய குப்பி, அதே சிரிஞ்ச் ஷீல்டு (சிரிஞ்சைச் சுற்றிய உலோகக் கவசம்), அதே எல்-பெஞ்ச். எல்-பெஞ்ச் என்பது ஈயக் கண்ணாடி பதித்த தடுப்பு. உடம்பும் முகமும் அதற்குப் பின்னால், கைகள் மட்டும் முன்னால். அங்கே உப்புநீரை எடுத்து, மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிபரேட்டரில் வைத்து, ஷீல்டில் பொருத்தி, எடுத்துச் செல்லும் ஈயப் பெட்டியில் வைக்கும் வரை நேரம் பார்க்கிறோம். கை பழகாதவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். பழகியவர் அரை நிமிடத்தில் முடிப்பார். விரல் டோஸைப் பொறுத்தவரை எந்த உபகரணத்தையும்விட இந்த வேறுபாடு பெரியது.

சிரிஞ்ச் ஷீல்டு கனமாக இருக்கிறது, நரம்பு தெரியவில்லை, ஊசி வழுக்குகிறது என்று சொல்லிப் பலர் தவிர்க்கிறார்கள். பழகும் வரை அது உண்மைதான். ஆனால் டெக்னீஷியத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடும். ஃப்ளூரினுக்கு எட்டு மில்லிமீட்டர் டங்ஸ்டன் எண்பது சதவீதத்துக்கு மேல் தடுக்கும். குப்பியைக் கையால் எடுக்காமல் நீண்ட இடுக்கியால் எடுப்பதும் அப்படித்தான்: ஒரு சென்டிமீட்டர் தூரம் இருபது சென்டிமீட்டர் ஆனால் டோஸ் நானூறில் ஒரு பங்கு. தானியங்கி டிஸ்பென்சர், இன்ஜெக்டர் வாங்க நிர்வாகத்திடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். விலை அதிகம்தான். ஆனால் பெட் ஸ்கேன் எண்ணிக்கை கூடும் மையங்களில் அது ஆடம்பரம் அல்ல.

காலையில் மாலிப்டினம் ஜெனரேட்டரிலிருந்து (உள்ளே மாலிப்டினம் சிதைந்து டெக்னீஷியமாகும் கலம்) டெக்னீஷியத்தைக் கறந்தெடுப்பவர் மாலிப்டினம் கசிவைச் சோதிக்காமல் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு மில்லி கியூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோ கியூரிக்கு மேல் மாலிப்டினம் இருந்தால் அந்தத் திரவம் பயன்படாது. ஜெனரேட்டரை வயிற்றோடு அணைத்துத் தூக்காதீர்கள், தள்ளுவண்டி இருக்கிறது. பீட்டா மட்டும் தரும் இட்ரியம்-90 வந்தால் முதலில் அக்ரிலிக், அதற்கு வெளியேதான் ஈயம். நேராக ஈயத்தில் வைத்தால் பீட்டா அங்கே மோதி எக்ஸ்ரே போன்ற கதிரை உண்டாக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. ஃப்ளூரின்-18 மருந்து, அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் கருவி இருக்கும் இடத்திலிருந்து காரில் வருகிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றாலோ, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்தாலோ, மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதை மூடப்பட்டாலோ வண்டி நகராது. 55 நிமிடத் தாமதம் மருந்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தின்றுவிடும். வண்டி வந்ததும் எல்லோரும் அவசரப்படுவார்கள். ஷீல்டு ஒதுங்கும், இடுக்கி மேசையில் கிடக்கும், கை நேராகக் குப்பிக்குப் போகும். விரல் மோதிரத்தில் எண் எகிறிய காலாண்டுகளை ஆராய்ந்தபோது இந்த அவசர நாட்கள்தான் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டன. ஆகவே எங்கள் வழக்கம் இது: தாமதமானால் கடைசி இரண்டு நோயாளிகளை மறுநாளுக்கு மாற்றுவோம், வேகத்தை மாற்ற மாட்டோம். வரவேற்பறையில் கோபப்படுவார்கள். பட்டினியோடு வந்தவர்கள், கோபப்பட உரிமை உண்டு. தாமதம் ஏற்படலாம் என்று முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால் கோபம் பாதியாகிறது.

படி 5: முதலில் பேச்சு, பிறகு ஊசி

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஃப்ளூரின் ஊசி போட்டவுடன் நோயாளியிடமிருந்து ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 34 மைக்ரோ சீவெர்ட் வரும். ஒரு மணி நேரம் கழித்துச் சிறுநீர் கழித்த பிறகு சுமார் 20. அற்பமாகத் தெரிகிறதா? நாளுக்குப் பத்து நோயாளி, ஒவ்வொருவரிடமும் ஊசிக்குப் பின் ஐந்து நிமிடம், ஆண்டுக்கு 250 நாள் என்று பெருக்குங்கள்: 7 மில்லி சீவெர்ட். ஐந்து நிமிடத்தை இரண்டாக்கினால் 3க்குக் கீழே. அந்த மூன்று நிமிடத்தின் ஆண்டு விலை 4 மில்லி சீவெர்ட்டுக்கு மேல். இது ஒரு மீட்டரில். கையைப் பிடித்து எழுப்பும் தூரத்தில் இன்னும் பல மடங்கு.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன பேசுகிறோம்? கழிவறை எங்கே, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், செல்பேசியைப் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும், எப்போது கூப்பிடுவோம், நகை கழற்ற வேண்டுமா, துணைக்கு வந்தவர் எங்கே உட்கார வேண்டும். இவற்றில் ஒன்றுகூட ஊசிக்குப் பிறகு பேச வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மீனவப் பெரியவருக்கு ஐந்து முறை சொன்னால்தான் நம்பிக்கை வரும் என்றால் ஐந்து முறையும் ஊசிக்கு முன் சொல்லுங்கள். சர்க்கரை அளவு பார்ப்பது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, கேனுலா போட்டு உப்புநீர் செலுத்திச் சரிபார்ப்பது, கழிவறைக்கு நடத்திக் காட்டுவது எல்லாம் முன்னால். ஈயப் பெட்டி கடைசியாக அறைக்குள் வர வேண்டும். ஊசி ஏறியதும், 'பாட்டி, ஓய்வெடுங்கள், நான் கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஊசி போட்டதும் ஓடிவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றக் கூடாது. ஆகவே அதையும் முன்பே சொல்லி வையுங்கள். இன்டர்காமும் கேமராவும் இருக்கின்றன, அறைக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடலாம்.

எலும்பு ஸ்கேன் நோயாளியிடமிருந்து வருவது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் டெக்னீஷியம் பிரிவில் ஆட்கள் அதிகம், காத்திருக்கும் நேரமும் அதிகம். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் தனித்தனி இருக்கை இல்லாத இடத்தில் அவர்கள் கூடுமிடம் வரவேற்பு மேசைதான். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு பேட்ஜும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. மேசையை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள், செலவில்லாத வேலை.

படி 6: நோயாளியை நகர்த்தும்போது

நடக்கக்கூடியவர் தானே நடக்கட்டும். தள்ளுநாற்காலி என்றால் உதவியாளர் பின்னால் இருப்பார், தூரம் ஒரு கை நீளம். ஸ்ட்ரெச்சர் என்றால் கால் பக்கம் நிற்கப் பழகுங்கள்; மருந்தின் பெரும்பகுதி தலை, இதயம், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் இருப்பதால் கால் பக்கத்தில் டோஸ் குறைவு. கனமான நோயாளியை மேசைக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்றால் இரண்டு பேரே போதும், வேடிக்கை பார்க்க மூன்றாமவர் வேண்டாம். ஒரே உதவியாளரை நாள் முழுதும் பெட் பகுதியில் நிறுத்தாமல் வாரம் மாற்றி அனுப்புங்கள்.

படி 7: அயோடின் வார்டு

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து படும் கதிர். அயோடின் உள்ளே போகும். மூச்சில் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும், போனால் தைராய்டில் குடியேறும். திரவத்தைவிடக் காப்ஸ்யூல் நல்லது. திரவம் என்றால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். மின்தடை வந்து மின்சார ஜெனரேட்டர் பிடிக்கும் வரையிலான இடைவெளியில் ஹுட் நின்றிருக்கும். அந்த நேரத்தில் குப்பியைத் திறக்காதீர்கள். இரட்டைக் கையுறை, வெளிக் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். கையாண்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தைராய்டில் எவ்வளவு அயோடின் சேர்ந்தது என்று அளக்க துறையிலேயே இருக்கும் தைராய்டு அப்டேக் கருவியின் முன் உங்கள் கழுத்தைக் காட்டி எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நோயாளிக்குத் தினமும் செய்கிறவர்கள் தங்களுக்குச் செய்துகொள்வதே இல்லை.

30 மில்லி கியூரிக்கு மேல் கொடுத்தவரைத் தனி அறையில் வைக்க வேண்டும். ஒரு மீட்டரில் மணிக்கு 50 மைக்ரோ சீவெர்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பலாம். 100 மில்லி கியூரி கொடுத்தால் தொடக்கத்தில் அந்த அளவு 150க்கு மேல் இருக்கும். தைராய்டை அகற்றியவருக்குக் கொடுத்த அயோடினின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே அந்த இரண்டு நாளில் கழிவறைதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். அதைக் கழுவுகிறவர் யார் என்று பாருங்கள்.

எனக்கு எப்போதும் ஆதங்கம் இங்கேதான். மருத்துவருக்கு பேட்ஜ் இருக்கும், டெக்னாலஜிஸ்டுக்கு பேட்ஜும் மோதிரமும் இருக்கும். கழிவறையைத் தேய்க்கிற அக்கா ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்; இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் பிரசவ வார்டில். வாசலில் ஒட்டியிருக்கும், கதிர் அபாயத்தைக் காட்டும் மூவிதழ்க் குறியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் வார்டு காலியான அன்றே படுக்கை விரிப்புகளை அளக்காமல் சலவைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே: அயோடின் வார்டுக்கு நிரந்தரமாக இரண்டு தூய்மைப் பணியாளர்களை நியமியுங்கள், பெயர் சொல்லி பேட்ஜ் வாங்கிக் கொடுங்கள், கதிரை அளக்கும் சர்வே மீட்டரின் ஒலியை அவர்களுக்குக் கேட்க வைத்துப் பழக்குங்கள். நோயாளி உள்ளே இருக்கும்வரை தூய்மை வேலை வேண்டாம். போன பிறகு நான் அளந்து கையெழுத்திட்ட பின்புதான் வாளி உள்ளே போகலாம். உணவை வாசலில் வைத்துவிடலாம். செவிலியர் ஈயத் திரைக்குப் பின்னால் நின்று பேசலாம்; ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியதை மருந்து கொடுப்பதற்கு முன் பார்த்து முடிக்கலாம்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரையைத் தினமும் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது கதிரியக்க அயோடின் உடம்புக்குள் போன விபத்தில் தைராய்டைக் காக்க மட்டும். டெக்னீஷியத்துக்கோ ஃப்ளூரினுக்கோ வெளிக் கதிருக்கோ அதனால் பயனில்லை.

படி 8: கொட்டிவிட்டால்

முதலில் குரல் கொடுங்கள், யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று. உறிஞ்சும் தாளைப் போட்டு மூடுங்கள். அப்படியே நில்லுங்கள், ஷூவோடு நடந்தால் வராந்தா முழுதும் கதிரியக்க மாசு பரவும். ஆட்கள் முதலில், தரை பிறகு. மாசுபட்ட கையுறை, கோட்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். தோலில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும். தேங்காய் நாரால் தேய்த்துத் தோலைக் கீறிவிட்டால் மாசு உள்ளே போக வழி செய்தவர்கள் ஆவோம். தரையை விளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கித் துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தாள். பிறகு அளங்கள். டெக்னீஷியம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டால் மூடி, வேலி கட்டி, மறுநாள் வரை விட்டுவிடலாம். நேரமே அதைக் கழுவிவிடும். அயோடினை அப்படி விட முடியாது.

ஹாட் லேபுக்குள் டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், செல்பேசி வேண்டாம். கையுறைக்குள் மோதிர டோஸ்மீட்டரைத் தவிர வேறு மோதிரமோ வளையலோ வேண்டாம், மாசு அங்கேதான் தங்கும். வெளியே வரும்போது கையை அளந்து பார்ப்பது கழிவறையிலிருந்து வரும்போது கை கழுவுவதைப் போல இயல்பாக வேண்டும்.

படி 9: கழிவும் மழையும்

பத்து அரை ஆயுள் காத்திருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். டெக்னீஷியத்துக்கு அது 60 மணி நேரம், ஃப்ளூரினுக்கு ஒரு நாளுக்குள், அயோடினுக்கு 80 நாள், லுடீசியத்துக்கு 67 நாள். ஆகவே பைகளைக் கலக்காதீர்கள். வெள்ளிக்கிழமை டெக்னீஷியப் பையில் ஒரே ஓர் அயோடின் பஞ்சு விழுந்தால் அந்தப் பை முழுதும் 80 நாள் பையாகிவிடும். சில லுடீசியம் தயாரிப்புகளில் 160 நாள் அரை ஆயுள் உள்ள லுடீசியம்-177எம் சிறிதளவு கலந்திருக்கும். அந்தக் குப்பிகளைத் தனியே வையுங்கள். தேதி, ஐசோடோப்பு, அளவு எழுதாத பை என்பது எங்கள் அறையில் பை அல்ல, புகார்.

வடசென்னையில் இந்த அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான பகுதிகளில் நீர் நாள்கணக்கில் நின்றது. கழிவுச் சேமிப்பைத் தரைமட்டத்தில் தள்ளிவிடுவது கட்டடக்காரர்களின் வழக்கம். இடம் மாற்ற முடியாவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபருக்குள், பைகளை மேல் அலமாரிக்கு ஏற்றுங்கள். அயோடின் வார்டின் தாமதத் தொட்டியின் (கழிவுநீரைக் கதிர் தணியும் வரை தேக்கி வைக்கும் தொட்டி) மட்டத்தையும், அதன் பம்புக்கு மாற்று மின்சாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டி நிரம்பும் நிலையில் இருந்தால் அந்த வாரம் புது நோயாளியைச் சேர்க்காதீர்கள்.

படி 10: கருவுற்ற பணியாளர்

தெரிந்தவுடன் எழுத்தில் சொல்ல வேண்டும். அதன் பிறகு பிரசவம் வரை கருவுக்கான வரம்பு 1 மில்லி சீவெர்ட். இதற்காக விடுப்பில் போக வேண்டியதில்லை, வேலையை விடவும் வேண்டியதில்லை. பெட் ஊசி, அயோடின் கையாளுதல், சிந்தல் துடைத்தல் ஆகியவற்றிலிருந்து விலக்கி, ஸ்கேன் கட்டுப்பாட்டு அறை, அறிக்கைப் பதிவு போன்ற இடங்களுக்கு மாற்றினால் போதும். பாலூட்டும் தாய்மாரையும் அயோடின் பக்கம் அனுப்பாதீர்கள். சம்பளமோ பணி மூப்போ இதனால் குறையாது என்பதை நிர்வாகம் முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் பெண்கள் நேரத்தில் சொல்வார்கள். தராத இடத்தில் மறைப்பார்கள். அது அவர்கள் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

படி 11: அறிக்கை வந்தபின்

காலாண்டு அறிக்கை வந்ததும் அதைக் கோப்பில் போட்டு மூடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஒருவருக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பாக வந்தால், வரம்புக்குள் இருந்தாலும், உட்கார்ந்து பேசுங்கள். பேட்ஜ் எங்கே தொங்கியது, யாருக்காவது பதிலாகக் கூடுதல் பணி செய்தாரா, தன் எலும்பு ஸ்கேனையோ இதய ஸ்கேனையோ எடுத்துக்கொண்டு பேட்ஜோடு வேலைக்கு வந்தாரா? கடைசியாகச் சொன்னது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நடக்கும். ஒரே பணியைச் செய்யும் இருவரின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஒருவருக்கு 1, மற்றவருக்கு 3 என்றால் முதலாமவர் எப்படி வேலை செய்கிறார் என்று மற்றவர் ஒரு நாள் கூட நின்று பார்க்கட்டும். என் வகுப்புகளைவிட அதில் பலன் அதிகம்.

எண் பூஜ்யமாகவே வந்துகொண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பேட்ஜ் மேசை இழுப்பறையில் இருக்கலாம்.

உங்கள் டோஸ் விவரம் உங்களுடையது. கேட்டுப் பார்க்க உரிமை உண்டு. வேலை மாறும்போது பழைய இடத்தில் உங்கள் பணியாளர் கண்காணிப்பு எண்ணையும் இதுவரையான டோஸ் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் உங்கள் கணக்கு ஒரே எண்ணின் கீழ் தொடர வேண்டும்; புது இடத்தில் புது ஆளாகப் பதிந்துவிட்டால் ஐந்தாண்டுச் சராசரி தப்பாகிவிடும். இரண்டு மருத்துவமனைகளில் பகுதி நேரமாக வேலை செய்கிறவர்கள் இரண்டு இடத்துக் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.